தேறியவள்

வேலைக்கு மனுப் போட்டு, 'இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொள்வதில் ஒரு நிம்மதி உண்டு. அழுது தீர்த்துவிட்டு அடுத்த காரியத்தைப் பார்க்கலாம். 'உனக்குத் தகுதி உண்டு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கதவை மட்டும் திறக்காமல் இருந்தால் என்ன செய்வது? குடுமியான்மலையில் இருக்கும் என் தங்கை மகளின் நிலைமை அதுதான்.

பி.எட். படித்தவள். 2012-ல் ஆசிரியர் தகுதித் தேர்வு முதன்முதலாக வந்தபோது எழுதித் தோற்றாள். 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதியதில் 2,448 பேர்தான் தேறினார்கள். ஊரோடு சேர்ந்து தோற்பதில் வெட்கம் ஏது? 2013-ல் மறுபடி எழுதி, 150-க்கு 90-ஐத் தாண்டிவிட்டாள். தங்கை தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள்.

பிறகு 'வெயிட்டேஜ்' வந்தது. பிளஸ் டூவில் எப்போதோ வாங்கிய மார்க்கையும் சேர்த்துக் கூட்டியதில் பின்னால் போய்விட்டாள். 2018-ல், தேறியவர்கள் இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றார்கள். 7 ஆண்டுகளே செல்லும் என்றிருந்த சான்றிதழ், 2021-ல் ஆயுள் முழுவதும் செல்லும் என்றாயிற்று.

"சான்றிதழ் நிரந்தரமாயிடுச்சு, மாமா. நான்தான் பாக்கி" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடுவே தனியார் பள்ளிகளின் படிகளையும் ஏறி இறங்கினாள். ஓரிடத்தில் எட்டாம் வகுப்புக்கு மாதிரிப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் விடாமல் கேள்வி கேட்டார்களாம். "தகவல் சொல்கிறோம்" என்றார் நிர்வாகி. அந்தத் தகவல் இன்னும் பஸ் ஏறவில்லை!

சென்ற மாதம் நான் போயிருந்தபோது, மாலையில் அவளிடம் படிக்கும் பிள்ளைகளோடு என்னையும் மேலைக்கோயிலுக்கு அழைத்துப் போனாள். குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில்தான் அந்தச் சங்கீதக் கல்வெட்டு இருக்கிறது. 7 ராகங்களின் ஸ்வர வரிசைகள், பல்லவ கிரந்த எழுத்தில்.

"யார் டீச்சர் இதை எழுதினது?" என்றான் ஒரு பையன்.

"ஒரு ராஜா. தன் பேரைப் போட்டுக்கலை. ருத்ராசாரியாரோட மாணவன்னு மட்டும் போட்டிருக்கார். படிக்கிற பிள்ளைகளுக்கு உதவட்டும்னு செஞ்சதாம்."

மகேந்திரவர்மன்தான் அந்த ராஜா என்பவர்கள் உண்டு. அந்தச் சச்சரவில் நான் நுழையப்போவதில்லை.

"அப்போ வாத்தியார் பேரு மட்டும் இருக்கா?" பையனுக்கு ஒரே ஆச்சரியம்.

அவள் பதில் சொல்லவில்லை. "இருட்டப் போகுது, நடங்க" என்று பிள்ளைகளைக் கிளப்பினாள்.

வழியில், திங்கட்கிழமை வேறொரு பள்ளியில் மாதிரிப் பாடம் எடுக்க வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள்.

"எந்த வகுப்புக்கு அம்மா?" என்றேன்.

"அங்கே போனாத்தான் சொல்வாங்களாம், மாமா."