நிற்கிற படகை நம்பாதே!

உடையார்பாளையத்துக்காரனுக்குத் தெரிந்த தண்ணீர் மூன்று வகை. குழாயில் வருவது, கிணற்றில் கிடப்பது, பயறணீஸ்வரர் கோயில் குளத்தில் நிற்பது. மூன்றிலும் படகு சவாரி கிடையாது. மழைக்காலத்தில் வாசலில் காகிதக் கப்பல் விட்டதெல்லாம் கணக்கில் சேராது.

இத்தனைக்கும் எங்கள் வட்டாரம் சாமான்யப்பட்டது இல்லை. ஜெயங்கொண்டம் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். 1025 வாக்கில் கடல் கடந்து கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகரம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு நீச்சல் தெரியாது. பரம்பரை நடுவில் எங்கேயோ அறுந்துவிட்டது!

இப்படிப்பட்டவன் படகு சவாரிக்குக் கிளம்பியதற்குக் காரணம், என் மனைவி செல்போனில் பார்த்த ஒரு வீடியோ. வெள்ளைக்காரப் புருஷன், பெண்டாட்டி, இரண்டு வயதுக் குழந்தை. பாய்மரப் படகுதான் அவர்களுக்கு வீடு. நீலக் கடலில் நங்கூரம் பாய்ச்சிவிட்டுக் காபி குடிக்கிறார்கள். குழந்தை படகின் மேல்தளத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறது.

"அவங்களுக்கும் ரெண்டு வயசுக் குழந்தைதான். நமக்கும் ரெண்டு வயசுக் குழந்தைதான்" என்றாள் மனைவி.

இதற்கு மேல் விளக்கம் தேவையா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிச்சாவரம் என்று முடிவானது.

மனைவி, மகள், நான், மச்சான். ஐந்தாவதாக, யாரும் கூப்பிடாமலே ஒரு தூக்குவாளிப் புளிச்சோற்றுடன் என் மாமியார். அவர் கொள்ளிடக்கரைக்காரர். பாலம் வராத காலத்தில் தோணியில் ஆற்றைத் தாண்டியவர். தண்ணீர் என்றாலே சந்தேகம். "கைப்புள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கு மாப்ள தண்ணிப் பக்கம்?" என்று பஸ் ஸ்டாண்டிலேயே ஆரம்பித்தார். நான் மச்சானைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். அந்தக் கண் சிமிட்டலுக்குப் பின்னால் அபராதம் கட்டினேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

வழி ரொம்ப அருமையான வழி. ஜெயங்கொண்டம் போய் அங்கே சிதம்பரம் பஸ். கங்கைகொண்ட சோழபுரம் கோயில் விமானம் ஜன்னலில் வந்து போகும். அதன் பக்கத்தில்தான் ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம். இன்றைக்குப் பொன்னேரி. ஜெயித்த ராஜாக்கள் கல்லில் தூண் நடுவார்கள். இவன் கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து ஏரியில் ஊற்றி, 'இது தண்ணீராலான வெற்றித்தூண்' என்று செப்பேட்டில் எழுதவைத்தான். பிறகு மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை. அங்கே வீராணம் ஏரி. 'பொன்னியின் செல்வன்' தொடங்குவது இதன் கரையில்தான். சென்னை நண்பர்கள் இந்தப் பக்கம் வந்தால் ஏரிக்கு ஒரு கும்பிடு போடலாம். அவர்கள் வீட்டுக் குழாய்க்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது.

சிதம்பரத்தில் இறங்கி, கிள்ளை வழியாகப் பிச்சாவரம். எல்லாம் சேர்த்து எண்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் குழந்தையோடு போகிறவர்கள் கிலோமீட்டரில் கணக்குப் பார்க்கக்கூடாது. எத்தனை பிஸ்கட் பாக்கெட் என்று பார்க்கவேண்டும். எங்களுக்கு நான்கு.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலில் சேருகிற முகத்துவாரங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேருக்குப் பரந்து கிடக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. எங்கள் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் ஓடுகிற அதே கொள்ளிடம்தான் இங்கே வந்து கடலோடு கலக்கிறது. 1975-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படம் எடுத்த இடம் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். 2004 சுனாமியில் இந்தக் காடு பின்னால் இருந்த ஊர்களுக்குக் கவசமாக நின்றதை அதைவிடப் பெருமையாகச் சொல்கிறார்கள். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலக அந்தஸ்தும் வந்துவிட்டது.

மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. குறுகலான வாய்க்காலுக்குள் நுழைய வேண்டுமானால் துடுப்புப் படகுதான். ஏறும்போதே எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டினார்கள். மகளுக்கு அவள் அளவுக்குச் சின்னதாக ஒன்று. மாட்டியதுதான் தாமதம், ஊரைக் கூட்டினாள். கொக்கைக் காட்டினோம், பிஸ்கட் கொடுத்தோம். ஐந்தாவது நிமிஷம் அடங்கினாள். மாமியார் அவளைத் தன் முன்னால் உட்காரவைத்து, ஃபிராக்கையும் உள்ளே இருந்த அரைஞாண் கயிற்றையும் சேர்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஜாக்கெட்தான் போட்டிருக்கே அத்தை, அப்புறம் எதுக்கு?" என்றேன் சிரித்தபடி.

"அது பாட்டுக்கு அது இருக்கட்டும் மாப்ள. இது பாட்டுக்கு இது இருக்கட்டும்."

படகு காட்டுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் தலைக்கு மேல் கை கோத்துக்கொள்கின்றன. சுரபுன்னையின் வேர்கள் கிளையிலிருந்து வளைந்து இறங்கித் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கின்றன. வெயில் சல்லடையில் சலித்தமாதிரி விழுகிறது. துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. ஆபீஸ், மேனேஜர், மாசக் கடைசி எல்லாம் மறந்துபோகும் இடம்.

நல்ல நிழலாக ஓரிடம் வந்ததும் படகுக்காரர் நிறுத்தினார். ஒரு கழியைச் சேற்றில் ஊன்றிக் கயிற்றால் கட்டினார்.

"நங்கூரம் இல்லையா அண்ணே?" என்றேன், வீடியோ பார்த்த ஞானத்தில்.

"நங்கூரம்லாம் கப்பலுக்கு சார். நமக்கு இந்தக் கழிதான். போட்டோ எடுக்குறதுன்னா எடுத்துக்குங்க."

படகு நின்றது. அந்த நிமிஷமே எங்களுக்கெல்லாம் வேலை வந்துவிட்டது. மனைவி தூக்குவாளியைத் திறந்தாள். மச்சான் செல்போனை எடுத்தான். நான்... இங்கேதான் என் வாக்குமூலம் வருகிறது. மகள் போட்டிருந்தது பிறந்தநாள் ஃபிராக். தைக்கவே எண்ணூறு ரூபாய். ஜாக்கெட் அதை முழுசாக மறைத்தது. 'படகு நிற்கிறது, ஒரே ஒரு போட்டோதானே' என்று நானே அதன் கொக்கிகளைக் கழற்றினேன். இந்த இரண்டு கைகளால்.

வேரில் ஒரு நண்டு ஓடியது.

"நண்டு!" என்று மகள் எட்டிப் பார்த்தாள். அதே நேரம் மச்சான் நல்ல கோணம் தேடி அந்தப் பக்கமே நகர்ந்தான். படகு ஒரு சாண் சாய்ந்தது. அவ்வளவுதான். தலை முதலில், கால் பிறகு. சத்தமே இல்லை. நான் செல்போன் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரையில் குழந்தை இல்லை!

நிமிர்ந்து பார்த்தால், படகுக்கு வெளியே தலைகீழாகத் தொங்குகிறாள். முடி தண்ணீரில் நனைகிறது. மேலே, ஃபிராக்கோடும் அரைஞாண் கயிற்றோடும் சேர்த்து இறுக்கிய மாமியாரின் பிடி. படகுக்காரர் தாவி வந்து தோளைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டார். எல்லாம் சேர்த்து மூன்று விநாடி இருக்கும்.

மகள் அழவில்லை. "நண்டு எங்க?" என்றாள். அழுதது நான்.

படகுக்காரர் திட்டவில்லை. ஜாக்கெட்டை எடுத்து அவரே அவளுக்கு மாட்டிவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "ஓடுற படகுல எல்லாரும் ஒழுங்கா ஒக்காந்திருப்பாங்க சார். பயம் இருக்கும். கட்டிப் போட்டாத்தான் பயம் போயிடும். நிக்கிற படகுலதான் நான் புள்ளைங்களையே பாத்துக்கிட்டிருப்பேன்."

வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. தேடித் தேடிப் படித்தேன். பிறந்த குழந்தைக்குத் தலை மட்டும் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு எட்டில் ஒரு பங்கு. இரண்டு வயதில் இன்னும் தலைபாரம்தான். எட்டிப் பார்த்தால் தலை இழுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீரில் விழுந்த குழந்தை சினிமாவில் வருகிறமாதிரி கையை ஆட்டிக் கத்தாது. மூச்சுக்கே வழியில்லாதபோது கத்துவது எப்படி? சத்தமில்லாமல் முடிந்துவிடும். பிச்சாவரத்தில் பல இடங்களில் ஆளளவு ஆழம்கூட இல்லை என்று தைரியம் சொன்னார்கள். இரண்டு வயதுக்கு ஒரு பக்கெட் தண்ணீர் போதும் சார்.

மச்சான் நகர்ந்ததும் சின்ன விஷயம் இல்லை. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்து 45 பேர் போனார்கள். 2024 ஜனவரி 18-ல் குஜராத்தில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 12 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். பலருடைய உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை. எங்கள் படகில் இருந்தது. நான் கழற்றினேன். எது பெரிய குற்றம்?

அந்த வெள்ளைக்காரக் குடும்பங்களைப் பற்றியும் படித்தேன். வீடியோவில் என் மனைவி பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. குழந்தையோடு கடலில் வாழ்கிறவர்கள் படகின் கைப்பிடிக் கம்பி முழுக்க வலை கட்டிவிடுகிறார்கள். நங்கூரத்தையும் 'தொப்'பென்று போட்டுவிட்டுக் காபி குடிப்பதில்லை. ஆழம் பத்து அடி என்றால் கயிறு ஐம்பது, எழுபது அடி விடுவார்கள். அப்போதுதான் இழுப்பு படுக்கைவாட்டில் இருக்கும், நங்கூரம் தரையைக் கவ்வும். அப்படியும் காற்று திரும்பினால் பிடி விட்டுவிடலாம் என்று முறை வைத்து ஒருவர் விழித்திருப்பார். இதற்கு 'ஆங்கர் வாட்ச்' என்று பெயர். அதாவது நங்கூரக் காவல். படகு நின்றால் ஓய்வு என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் படகு நின்றதும் காவல் போடுகிறார்கள்!

ஆலப்புழையில் இரவு தங்குகிற படகு வீடுகளுக்கும் இதே கதைதான். மீனவர்கள் வலை போடுகிற நேரம் என்பதால் சாயங்காலம் ஐந்தரை வாக்கில் ஓட்டத்தை நிறுத்திக் கரையோரம் கட்டிவிடுவார்கள். பிறகு விடியும்வரை நிற்கிற படகுதான். சாப்பாடு, சீட்டுக்கட்டு, பாட்டு. சின்னது எங்கே என்று யார் பார்ப்பது?

எங்கள் படகில் நடந்ததும் அதுதான். நான் பார்ப்பேன் என்று அவள். அவள் பார்ப்பாள் என்று நான். ஜாயின்ட் அக்கவுன்ட் வைத்திருப்பவர்களுக்குப் புரியும். இருவரும் எடுப்பார்கள், போட்டது யார் என்று தெரியாது. குழந்தை விஷயத்தில் ஜாயின்ட் அக்கவுன்ட் உதவாது. 'இந்த அரை மணி நேரம் நீ' என்று வாய்விட்டுச் சொல்லி, ஒரே ஒருவர் பேரில் எழுதிவிடவேண்டும். அந்த ஒருவர் கையில் போன் இருக்கக்கூடாது.

குழந்தையோடு போகிற நண்பர்களுக்கு இன்னும் சில: ஜாக்கெட் குழந்தையின் அளவுக்கு இருக்கவேண்டும். மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறிவந்தால் அது பெரிய சைஸ், தண்ணீரில் குழந்தையை விட்டுவிட்டு அது மட்டும் மிதக்கும். கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்குகிற காலரும், கால்களுக்கு நடுவே ஒரு பட்டையும் இருந்தால் உத்தமம். அழும், அழட்டும். வீட்டிலேயே இரண்டு நாள் மாட்டிப் பழக்கினால் பொம்மை சட்டைமாதிரி ஆகிவிடும். காற்றடைத்த கைவளையம் விளையாட்டுச் சாமான், அதை நம்பவேண்டாம். சின்னப் படகில் குழந்தையை உங்கள் உடம்போடோ படகோடோ கட்டிவிடாதீர்கள். கவிழ்ந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்கவேண்டாம். அரைஞாண் கயிறு போதுமே என்று கேட்காதீர்கள். கயிறு அறுந்துவிடும். அதைப் பிடித்திருந்த கைதான் அறுபடாதது.

திரும்பும்போது பஸ்ஸில் யாரும் அதிகம் பேசவில்லை. மகள் மாமியார் மடியில் தூங்கிவிட்டாள். நான் மெதுவாக, "அத்தை... காலையில நான் சிரிச்சது தப்புத்தான்" என்றேன்.

"அதுக்கென்ன மாப்ள" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அபராதம் கட்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

மீன்சுருட்டியில் டீக்காக பஸ் நின்றது. தூங்கிக்கொண்டிருந்த மகள் விழித்துக்கொண்டாள். நான் இறங்கலாம் என்று எழுந்து, பாக்கெட்டில் சில்லறை தேடினேன்.

மாமியார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மாப்ள... வண்டி நின்னுடுச்சு. மொதல்ல புள்ளையப் புடிங்க!"