தீர்ப்புக்குப் பின் தொடங்கிய பாடம்

சிகாகோ



அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த கதையை நாம் பெரும்பாலும் லிங்கனில் தொடங்கி லிங்கனிலேயே முடித்துவிடுகிறோம். 1865-இல் வந்த 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு முதலில் ஒப்புதல் தந்தது சிகாகோ இருக்கும் இந்த இல்லினாய் மாநிலம்தான். அந்தத் திருத்தத்துக்குள் ஒரு விலக்கு இருக்கிறது: குற்றவாளி என்று தீர்ப்பானவரைத் தண்டனையாகக் கட்டாய உழைப்பில் வைக்கலாம். உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்கள் இந்த விலக்கைப் பயன்படுத்திக் கறுப்பினத்தவரைக் கைதிகளாக்கிச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் குத்தகைக்கு விட்டன. சிறையையும் காவல்துறையையும் ஒழிக்க வேண்டும் என்று இன்று கேட்பவர்கள் தங்களைப் பழைய ஒழிப்பியக்கத்தின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்வது இதனால்தான். சிறை ஒழிப்பு பற்றி எழுதிய ஆஞ்சலா டேவிஸையும் ரூத் வில்சன் கில்மோரையும் படித்தால் வாதம் விளங்கிவிடும். ஆனால் ஒழித்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு, பாதிக்கப்பட்டவர்கள் கூடி உட்கார்ந்து கோரிக்கை எழுதும்போதுதான் விடை கிடைக்கத் தொடங்குகிறது என்பது என் எண்ணம். அதற்குச் சிகாகோவைச் சான்றாகக் காட்டுவேன்.

ஜான் பர்ஜ் என்ற காவல் அதிகாரியும் அவருக்குக் கீழிருந்த துப்பறிவாளர்களும் 1972 முதல் 1991 வரை நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சித்திரவதை செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின ஆண்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள், தட்டச்சுப்பொறியின் பிளாஸ்டிக் உறையால் மூச்சை அடைத்தார்கள். அப்படி வாங்கிய வாக்குமூலங்களால் சிலருக்கு மரண தண்டனை விழுந்தது. 1998-இல் அவர்களில் பத்துப் பேர் சிறைக்குள்ளேயே அமைப்பாகத் திரண்டார்கள்; வெளியே அவர்களுடைய தாய்மார்கள் தெருவில் இறங்கினார்கள். 2003 ஜனவரியில் ஆளுநர் ஜார்ஜ் ரையன் அந்தப் பத்துப் பேரில் நால்வருக்கு மன்னிப்பு வழங்கினார். வேறு 167 பேரின் மரண தண்டனையைக் குறைத்தார். பர்ஜ் மீது சித்திரவதை வழக்குத் தொடரவோ காலவரம்பு கடந்துவிட்டது. பொய்ச் சாட்சியம் சொன்னதற்காக 2011-இல் நாலரை ஆண்டு சிறை கிடைத்தது. ஓய்வூதியம் மட்டும் தடையின்றிப் போய்க்கொண்டிருந்தது.

நான் முக்கியமாகக் கருதும் பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. தண்டனை கிடைத்தும் பாதிக்கப்பட்டவர்களின் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. சிகாகோ சித்திரவதை நீதி நினைவகம் என்ற குழு, இந்தக் கொடுமைக்கு நினைவுச்சின்னம் எப்படி இருக்கலாம் என்று கலைஞர்கள், ஆசிரியர்கள், உயிர்தப்பியவர்கள் எல்லாரையும் கேட்டு, 2012-இல் அந்தக் கற்பனைகளைக் கண்காட்சியாக வைத்தது. வழக்கறிஞர் ஜோயி மோகுல் வைத்த நினைவுச்சின்னம் ஒரு சட்ட வரைவு! அடுத்த ஆண்டே அது மாநகர மன்றத்துக்குப் போனது. 2014-இல் கறுப்பின இளைஞர்கள் ஜெனீவாவுக்குச் சென்று ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான குழுவின் முன் நகரத்தின் காவல்துறை பற்றி முறையிட்டார்கள். 2015 மே 6 அன்று மன்றம் அந்த வரைவை நிறைவேற்றியது: 55 லட்சம் டாலர் இழப்பீடு, முறையான மன்னிப்பு, உளவியல் சிகிச்சை மையம், நகரக் கல்லூரிகளில் இலவசப் படிப்பு, பொது நினைவுச்சின்னம், எட்டாம், பத்தாம் வகுப்புகளில் இந்த வரலாற்றுப் பாடம். இவற்றில் பெரும்பாலானவற்றைக் குற்றவியல் நீதிமன்றம் தந்திருக்க முடியாது. இன்னும் எத்தனை பேரை உள்ளே தள்ளலாம் என்பதை விட்டு, சிதைந்ததை எப்படிச் சீராக்கலாம் என்று கேட்டதால் வந்த பட்டியல் அது.

பர்ஜ் சிறைக்குப் போக வேண்டும் என்று உயிர்தப்பியவர்களே போராடினார்களே, இதில் எங்கே சிறை ஒழிப்பு என்று கேட்கலாம். கூர்மையான கேள்வி. இந்த முரணை இயக்கமும் அறியும். நீதிக்கென்று கையிலிருந்த ஒரே கருவி சிறையாக இருந்தபோது அவர்கள் அதைக் கேட்டார்கள். கிடைத்த பிறகே அது எவ்வளவு குறைவு என்பது தெரிந்தது. கொள்கையில் தொடங்கியிருந்தால் இந்த அறிவு வந்திருக்காது.

இதைவிடக் கடினமான மறுப்பு எண்களில் இருக்கிறது. 2020-இல் கேலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், தங்கள் பகுதியில் காவலர் இருப்பு குறையக் கூடாது என்றோ கூட வேண்டும் என்றோ சொன்ன கறுப்பின அமெரிக்கர்கள் 81 விழுக்காடு. இதை மழுப்ப முடியாது. ஆனால் அந்தப் பகுதிகளில் வேறு என்ன மிஞ்சியிருந்தது என்றும் பார்க்க வேண்டும். சிகாகோ 2012-இல் தன் 12 மனநல மருத்துவ நிலையங்களில் பாதியை மூடியது. அடுத்த ஆண்டு சுமார் 50 பள்ளிகளை மூடியது. பிறகு 9.5 கோடி டாலரில் காவல் பயிற்சி மையம் என்று அறிவித்தபோது, பதின்வயதினர் முன்னின்று நகரத்தின் வரவுசெலவுத் திட்டத்தைப் பிரித்துப் படித்து எதிர்த்தார்கள். 2019-இல் தோற்றார்கள், மையம் எழுந்தது. இன்றிரவு ஒருவர் துப்பாக்கியோடு வாசலில் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு இயக்கத்திடம் நிறைவான பதில் இல்லை என்றே எனக்கும் படுகிறது. ஆனால் 2010-களின் பிற்பகுதியில் இந்நகரக் காவல்துறை கொலைகளில் பாதியைக்கூடத் துப்புத்துலக்கவில்லை என்பதையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

இப்படிப் போராட்டக் களத்தில் கற்பது ஒருபக்கப் பிரசாரம் என்பவர்களும் உண்டு. பள்ளிப் பாடம் வந்தபோது காவலர் குடும்பங்கள் மிகுந்த பகுதிகளில் பெற்றோர் சிலர் அப்படித்தான் எதிர்த்தார்கள். ஆனால் இந்த அறிவு வழக்கறிஞர்கள், எதிராளிகள், மன்ற உறுப்பினர்கள் என எல்லார் குறுக்குக் கேள்வியையும் தாண்டி வந்தது. 2015-இன் நகரச் சட்டத்தில் உள்ள குறையையும் போராடியவர்களே சொன்னார்கள்: அது 1972 மே முதல் 1991 நவம்பர் வரை பர்ஜ் குழுவிடம் சிக்கியவர்களுக்கு மட்டும். இழப்பீடு 57 பேருக்குப் போனது. அந்தத் தேதிக்குப் பிறகு வேறு துப்பறிவாளர்களிடம் அடிபட்டவர்களுக்கு அதில் இடமில்லை.