டாக்டர்களின் சுபாவம்

வக்கீல் என்றால் வாயாடி, வியாபாரி என்றால் கருமி, வாத்தியார் என்றால் சிடுமூஞ்சி என்று உலகம் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு முகத்தை வரைந்து வைத்திருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இந்தச் சித்திரக்கலை அமோகமாக நடந்து வருகிறது. கணக்கு வாத்தியார் கோபக்காரர். தமிழாசிரியர் பரம சாது. டிரில் மாஸ்டருக்குப் புத்தகம் என்றாலே ஆகாது. இவை பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஒப்புக்கொண்டு வந்திருக்கும் சாஸ்திரங்கள். எங்கள் கணக்கு வாத்தியார் எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிறவர் என்பதும், டிரில் மாஸ்டர் கையில் எப்போதும் ஒரு நாவல் இருக்கும் என்பதும் அந்தச் சாஸ்திரத்தைக் கொஞ்சமும் அசைப்பதில்லை.

வைத்திய உலகத்திலும் இதே கதைதான். என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் இன்று டாக்டர்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போது என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் துறையை மற்றொருவர் கேலி செய்வதைக் கேட்பது எனக்கு நல்ல பொழுதுபோக்கு. அவர்கள் சொல்வதைத் தொகுத்தால் இப்படி வரும். ரண சிகிச்சைக்காரர் பொறுமை இல்லாதவர். முதலில் கத்தி, பிறகுதான் யோசனை. பொது வைத்தியர் யோசித்துக்கொண்டே இருப்பார். அவர் யோசித்து முடிப்பதற்குள் நோயே தானாக வீட்டுக்குப் போய்விடும். ரேடியாலஜிக்காரர் இருட்டறையில் படங்களோடு சல்லாபிப்பவர். மனித முகத்தைக் கண்டால் கூசுவார். பிரேத பரிசோதனை செய்பவருக்குத் தம் நோயாளிகளிடம் பிடித்த குணம், அவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை என்பதே. குழந்தை வைத்தியர் சட்டைப் பையில் கிலுகிலுப்பை இருக்கும். மனநோய் வைத்தியருக்கும் அவருடைய நோயாளிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க, அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்!

எல்லோரையும்விட அதிகமாகக் கேலிக்கு ஆளாகிறவர் எலும்பு வைத்தியர். அவருக்கு எருதின் பலம், அதில் பாதி புத்தி என்பது ஆங்கில நாட்டு ஆஸ்பத்திரிகளில் வழங்கும் பழைய பரிகாசம். இதைச் சோதித்தே பார்த்துவிடுவது என்று சிலர் அங்கே கிளம்பினார்கள். மூன்று ஆஸ்பத்திரிகளில் 36 எலும்பு வைத்தியர்களையும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்கள் 40 பேரையும் பிடித்து உட்காரவைத்துப் புத்திப் பரீட்சை கொடுத்தார்கள். கைப்பிடியின் வலுவையும் அளந்தார்கள். 2011ஆம் வருஷம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் மலரில் முடிவு வெளியாயிற்று. கைப்பிடி வலுவில் எலும்பு வைத்தியர்களே முந்தினார்கள், அதில் ஆச்சரியமில்லை. ஆனால் புத்திப் பரீட்சையிலும் அவர்களே முந்திவிட்டார்கள்! சராசரி மதிப்பெண் அவர்களுக்கு 105. மயக்க மருந்துக்காரர்களுக்கு 98. வேடிக்கையாகச் செய்த சோதனைதான். ஆயினும் சாஸ்திரம் எவ்வளவு கெட்டியானது என்பதை அது காட்டிவிட்டது.

அப்படியானால் இந்தப் பேச்சு முழுவதும் வெறும் கற்பனையா? அப்படியும் சொல்வதற்கில்லை. சரித்திரத்தைப் புரட்டினால் காரணம் ஒருவாறு தெரிகிறது.

ஒரு காலத்தில் கத்தி பிடித்தவர் வேறு, நாடி பிடித்தவர் வேறு. இங்கிலாந்தில் 1540இல் எட்டாவது ஹென்றி அரசன் காலத்தில் நாவிதர்களையும் ரண வைத்தியர்களையும் ஒரே சங்கமாகச் சேர்த்தார்கள். 1745இல்தான் இரு சாராரும் பிரிந்தார்கள். சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற வைத்தியரே 'டாக்டர்'. கத்தி பிடித்தவர் வெறும் 'மிஸ்டர்'. அந்தப் பழைய இளக்காரமே பிற்பாடு பெருமையாக மாறி, இன்றும் அந்த நாட்டில் ரண சிகிச்சை நிபுணர்கள் தங்களை 'மிஸ்டர்' என்றே அழைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டிலும் கட்டியைக் கீறி மருந்து வைத்தவர் நாவிதர். பிரசவம் பார்த்தவர் அவர் வீட்டுப் பெண். மருத்துவர், மருத்துவச்சி என்ற பெயர்களே அவர்களுக்கு வழங்கி வந்தன.

1846க்கு முன்பு ரண சிகிச்சை எப்படி இருந்திருக்கும் என்று நேயர்கள் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். மயக்க மருந்து கிடையாது. நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அவன் அலறல் காதில் விழ, காலை அறுக்க வேண்டும். லண்டனில் ராபர்ட் லிஸ்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சில நிமிஷங்களுக்குள் ஒரு காலை எடுத்துவிடுவார் என்று பெயர் பெற்றிருந்தார். அந்த வேகம் ஆடம்பரம் அன்று, அதுவே கருணை. ஒரு நிமிஷம் தயங்கினால் ஒரு நிமிஷ நரகம் கூடும். அலறலைக் கேட்டுக் கை நடுங்குகிறவன் அந்தத் தொழிலில் நிற்க முடியாது. ஆகவே கடின சித்தமும் துரிதமும் அதட்டலும் அந்தத் தொழிலின் லட்சணங்களாயின. 1846 அக்டோபர் 16ஆம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஈதர் மயக்கம் வெற்றி பெற்றது. டிசம்பர் 21ஆம் தேதி அதே லிஸ்டன், ஈதர் கொடுத்து ஒருவன் காலை வலியில்லாமல் எடுத்தார். அன்றோடு அந்தக் கடின சித்தத்துக்கு இருந்த அவசியம் நீங்கிவிட்டது. ஆனால் அவசியம் நீங்கினாலும் பழக்கம் நீங்கவில்லை. சீடர்கள் குருவின் வித்தையோடு அவருடைய குரலையும் கற்றுக்கொண்டார்கள்.

மயக்க மருந்துக்காரரின் அடக்கத்துக்கும் ஒரு மூலபுருஷர் உண்டு. ஜான் ஸ்னோ என்ற அந்த லண்டன் டாக்டர் ஒரு கூலித் தொழிலாளியின் மகன், மது தொடாதவர், கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஈதர் எந்த உஷ்ணத்தில் எவ்வளவு ஆவியாகிறது என்று கணக்கிட்டு, அதற்கு ஒரு கருவியும் அமைத்தார். 1853இல் விக்டோரியா ராணியின் பிரசவத்தில் குளோரோபாரம் கொடுத்தவர் அவரே. மறு வருஷம் லண்டனில் காலரா கண்டபோது, இறந்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, பிராட் தெருக் குழாய்த் தண்ணீரே காரணம் என்று காட்டியவரும் அவரே. ஒருவர் மூச்சை எண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேலைக்கு அத்தகைய நிதானம் தேவைப்பட்டது; இன்றும் தேவைப்படுகிறது.

இந்த இரண்டு சுபாவங்களையும் ஒரே நாளில் அருகிலிருந்து பார்க்கும்படி எனக்கு நேர்ந்தது. சில வருஷங்களுக்கு முன் என் தாயாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ரண சிகிச்சை நிபுணர் மகா கெட்டிக்காரர். ஆனால் அவர் எக்ஸ்-ரே படத்தைப் பார்த்துப் பேசினார், என்னைப் பார்த்துப் பேசினார், படுத்திருந்தவளைப் பார்க்கவில்லை. அவர் போனபின் என் தாயார், "முறிஞ்சது என் இடுப்புதானேடா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று கேட்டாள். மாலையில் மயக்க மருந்து டாக்டர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அம்மா, பல் கட்டியிருக்கிறீர்களா? முன்பு ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மறுநாள் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். சுத்தியல் சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்க, அந்த டாக்டர் தலைமாட்டில் நின்று பிறந்த ஊரைப் பற்றியும் ஊர்க் கோவில் தேரைப் பற்றியும் விசாரித்துக்கொண்டே இருந்தாராம். என் தாயார் இன்று நன்றாக நடக்கிறாள். நடக்க வைத்தவர் முதல் டாக்டர். ஆனால் அவள் ஆசீர்வாதம் முழுவதும் இரண்டாமவருக்கே போகிறது.

குரல் என்பது அற்ப விஷயமன்று. அமெரிக்காவில் ரண சிகிச்சை நிபுணர்கள் நோயாளிகளிடம் பேசிய பேச்சைப் பதிவு செய்து, சில விநாடித் துணுக்குகளாக நறுக்கி, வார்த்தைகள் புரியாதபடி வடிகட்டித் தொனியை மட்டும் சிலரைக் கேட்கச் செய்தார்கள். அதிகாரத் தொனி மிகுந்து பரிவு குறைந்ததாகத் தோன்றிய குரலுக்கு உரியவர்களே முன்பு நோயாளிகளால் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டவர்களாக அதிகம் இருந்தார்கள். 2002இல் வெளிவந்த ஆராய்ச்சி இது.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 2008இல் ஆபரேஷன் அறைக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. கத்தி வைக்குமுன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். புது டில்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் பரீட்சித்தபோது, நூற்றுக்கு 1.5 ஆக இருந்த மரணம் 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் தெரிவித்தார்கள். பெயரைச் சொன்ன நர்ஸ், தப்பு நடக்கும்போது வாயைத் திறப்பாள். அதட்டலுக்கு அஞ்சி நிற்பவள் திறக்க மாட்டாள். சிடுசிடுப்பைக் கெட்டிக்காரத்தனத்தின் அடையாளமென்று நாம் மன்னித்து வருகிறோமே, அதற்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரிடலாம் என்பது இதனால் விளங்கும்.

கத்தியும் கருணையும் சேராது என்பவர்கள் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் சிலையாக நிற்கும் டாக்டர் ரங்காச்சாரியைப் பார்க்கட்டும். 1934இல் காலமான அவர், சொந்த ஆகாய விமானத்தில் பறந்து போய் நோயாளிகளைப் பார்த்தவர். கையின் திறமைக்கும் நெஞ்சின் இரக்கத்துக்கும் சேர்த்தே பெயர் பெற்றவர். மதுரை டாக்டர் வெங்கடசாமியின் கதையோ இன்னும் விசித்திரமானது. பிரசவ வைத்தியராக விரும்பியவரின் விரல்களை மூட்டுவாதம் கோணச் செய்துவிட்டது. அந்தக் கோணிய விரல்களுக்குத் தக்கபடி கருவிகள் அமைத்துக்கொண்டு கண் வைத்தியத்துக்கு வந்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்குத் தம் கையாலேயே ஆபரேஷன் செய்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் பதினொரு படுக்கைகளோடு அவர் தொடங்கியதே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. எந்தச் சுபாவ ஜாதகத்தைப் பார்த்து இவரை ரண சிகிச்சைக்கு அனுப்பியிருப்பார்கள்?

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. என் மாணவி ஒருத்தி எம்.பி.பி.எஸ். முடித்து, எலும்பு வைத்தியமே படிப்பேன் என்று நின்றாள். "பெண் பிள்ளைக்குச் சுத்தியலும் ரம்பமும் எதற்கு? குழந்தை வைத்தியம் எடுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று வீட்டில் ஒரே கூச்சல். என்னிடம் வந்தவளை, "பலம் வேண்டுமே, அம்மா?" என்று கேட்டேன். "சார், இப்போதெல்லாம் ரம்பம் மின்சாரத்தில் ஓடுகிறது. எங்கே அறுக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்" என்றாள். அதற்குமேல் நான் என்ன சொல்வது? அவள் தகப்பனாரிடம் போய் இரண்டு செய்திகளைச் சொன்னேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னையில் பட்டம் பெற்றபோதும் ஊர் இதே கூச்சல் போட்டது என்பது ஒன்று. கனடாவில் ஒண்டேரியோ மாகாணத்தில் லட்சம் நோயாளிகளின் கணக்கைப் பார்த்ததில், பெண் நிபுணர்கள் ஆபரேஷன் செய்தவர்களில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் சற்றுக் குறைவு என்று 2017இல் கண்டது மற்றொன்று. எது அவர் மனத்தில் தைத்ததோ அறியேன். பெண் இப்போது மூன்றாம் வருஷம் படிக்கிறாள்.

உள்ளதைச் சொன்னால், நம் நாட்டில் சுபாவத்தைப் பார்த்துத் துறையைத் தேர்ந்தெடுக்கும் பாக்கியம் பலருக்கு இல்லை. நீட் பரீட்சையில் வந்த வரிசை எண் எதைக் கொடுக்கிறதோ அதைப் படிக்கிறார்கள். மூன்று வருஷப் பயிற்சியில் அந்தத் துறையின் நடையும் குரலும் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிக்கொண்டவை பிறவிக் குணமல்ல. வேண்டாதபோது கழற்றி வைக்கக் கூடியவை. மாணவர்கள் கத்தி பிடிக்கக் கற்கும் அதே அறையில், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவும் பெரியவர்கள் கற்றுக் கொடுத்தால் போதும்.

நாமும் நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். டாக்டர் சிடுசிடுப்பாக இருந்தால் கெட்டிக்காரர் என்றும், இனிக்கப் பேசினால் விஷயம் தெரியாதவர் என்றும் எண்ணும் வழக்கத்தை விட்டுவிடலாம். "இதை எனக்குப் புரியும்படி சொல்லுங்கள், டாக்டர்" என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலோர் சொல்லத்தான் செய்கிறார்கள். எலும்பு வைத்தியர் உட்பட.