கொட்டிவாக்கத்துக் கடலும் கவிஞர் சொல்லும்

திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறிது தூரம் தெற்கே சென்றால் கொட்டிவாக்கம் வரும். 2011-ஆம் வருஷம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த இவ்வூரில், சாலையோரம் மாடி வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. கிழக்கே திரும்பிச் சற்று நடந்தாலோ காட்சியே வேறு. மணலில் ஏற்றிய படகுகள், உலரும் வலைகள், அப்பால் ஓயாத கடல்.

இவ்வளவு பெரிய ஆற்றலைச் சொல்லில் அடக்குவது எங்ஙனம்? 'பெரியது, பயங்கரமானது' என்று ஆயிரந்தரம் சொன்னாலும் கேட்பவர் நெஞ்சில் அலை எழுவதில்லை. தொல்காப்பியர் உவமை தோன்றும் வகைகளை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுத்தார். மெய்யாகிய வடிவும் உருவாகிய நிறமும் கடலின் அழகைக் காட்டும். அதன் வலிமையைக் காட்ட வினையே வேண்டும்.

இளங்கோவடிகள் இதை நன்கறிந்தவர். பஃறுளியாற்றையும் குமரி மலையையும் கடல் கொண்டதைக் கூறுகையில், தன்மேல் வேலெறிந்த பாண்டியன்மீது பழிதீர்க்க வந்த மாற்றரசனாகக் கடலை ஆக்கிவிடுகிறார். வெள்ளம் படையெடுப்பாகி விடுகிறது!

இதே சாலை புதுச்சேரிக்கும் செல்கிறது. 1916 நவம்பரில் அங்கே வீசிய புயலைப் பாரதியார், இரவில் ஒரு கணவனும் மனைவியும் பேசும் பேச்சாகப் பாடினார். அண்டத்தின் கொந்தளிப்பை ஒரு வீட்டின் அச்சத்தால் அளந்து காட்டினார். மழையைப் பற்றிய பாட்டிலோ, தாளச் சொற்களையே இடியாக முழங்கச் செய்தார்.

ஏடறியாத கவிஞரும் உண்டு. நம் கடற்கரை மீனவர் கடலைத் தாய் என்பர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையிலும் ஏறிற்று. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எட்டாயிரம் பேர் மாண்டனர். சுமத்திராவுக்கருகே கடலடியில் நேர்ந்த பூகம்பமே காரணமென்று விஞ்ஞானம் விளக்குகிறது. ஆயினும், அன்று தாய் என்ற சொல் பொய்த்துப் போயிற்றா?

இல்லை. சோறிடுவது பயன், சீறி எழுவது வினை. இரண்டையும் அந்த ஒரு சொல் தாங்குகிறது. அதனாலன்றோ அவர்கள் வணங்கியும் அஞ்சியும் மீண்டும் படகேறுகின்றனர்! மாடியிலிருந்து பார்க்கும் நாம் கடலை நீலப்பட்டு என்று வர்ணித்து மகிழ்கிறோம். பட்டுக்கு யார் அஞ்சுவார்? நம் குழந்தைகளுக்கு அழகிய உவமையோடு மெய்யான உவமையையும் கற்பிப்போமாக.