ரொட்டிப் பொட்டலமும் விரல் மையும்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் நாங்கள் ஐவரும் எங்களுக்கு அறை என்று ஒன்றிருப்பதையே மறந்திருந்தோம். சைதாப்பேட்டையில் அடையாற்று வெள்ளம் புகுந்த குடிசைப் பகுதிகளுக்கு ரொட்டி, பால்பொடி, பாய், மெழுகுவர்த்தி என்று கிடைத்ததையெல்லாம் சுமந்தோம். எவரும் எங்களை அழைக்கவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, என்ன சான்று என்று எவரும் வினவவுமில்லை. முழங்கால் நீரில் இறங்கச் சம்மதித்தால் போதும், நகரம் எங்களுடையதாகிவிட்டது. ஒரு நாவலின் முடிவு குறித்து நள்ளிரவு வரை சண்டையிடும் நாங்கள் அந்த வாரம் முழுவதும் ஒரு முறைகூட முரண்படவில்லை என்பது எங்களுக்கே வியப்பு.

ஐந்து மாதங்கள் கழித்து, 2016 மே 16 அன்று சட்டமன்றத் தேர்தல். ஐவரில் வாக்களித்தவர் ஒருவர்தான். அவருக்கும் வாக்குச்சாவடி அடுத்த தெருவிலேயே இருந்தது. எஞ்சிய நால்வரின் பெயரும் பிறந்த ஊர்களின் பட்டியலில். பேருந்தில் இடம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டோம். தேடவேயில்லை என்பதுதான் மெய். மாநில அளவில் வாக்குப்பதிவு 74 விழுக்காட்டை எட்டிய அத்தேர்தலில் சென்னை 60-ஐ ஒட்டியே நின்றது. சென்னையின் அந்தக் குறைவில் எங்கள் நால்வருக்கும் பங்கில்லை. நாங்கள் குறைத்தது சொந்த ஊர்க் கணக்கை.

இளைஞர்களுக்கு நாட்டைப் பற்றிய அக்கறையில்லை என்னும் பெரியோர் தீர்ப்பை எங்களால் ஏற்க இயலவில்லை. தொண்டு செய்ய முகவரி தேவையில்லை. வாக்குக்கோ முகவரிதான் முதல் நிபந்தனை. ஆண்டுக்கு ஓர் அறை மாறுகிறவன், வாடகை ஒப்பந்தம் எழுதித் தரவே தயங்கும் வீட்டு உரிமையாளரிடம் எந்தச் சான்றைக் கேட்டுப் பெற்று அப்போதைய படிவம் 6-ஐ நிரப்பியிருப்பான்? ஆனால் இது பாதிக் காரணமே.

மறு பாதியைச் சொல்லக் கூசுகிறது. நிவாரணப் பொருட்களின் மேல் கட்சித் தலைமையின் படம் ஒட்டப்பட்ட கதைகளைச் சொல்லிச் சிரித்த நாட்கள் அவை. எங்கள் பொட்டலங்களில் எவர் படமும் இல்லை என்பதில் எங்களுக்கொரு தூய்மைச் செருக்கு. ரொட்டியை நீட்டும்போது வாங்குபவரின் முகம் தெரிகிறது. பசியாறுவதும் கண்முன்னே தெரிகிறது. பொத்தானை அழுத்தினால் ஓர் ஒலி மட்டுமே. எவரையும் பிடிக்கவில்லை என்றால் அதற்கும் 2013 முதல் நோட்டா இருந்தது; ஆகவே அந்தச் சாக்கும் செல்லாது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீரை எப்போது திறப்பது, கரையோர மக்களை எங்கே குடியமர்த்துவது என்பதெல்லாம் எங்கள் ரொட்டிக்கு எட்டாத இடத்தில் தீர்மானமாகிறவை. அப்போது அதை யோசிக்கவில்லை.

மே மாத இறுதியில் பெரும்பாக்கம் போனோம். ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றை நகரின் தெற்கு விளிம்பிலுள்ள அந்த அடுக்குமாடிகளுக்கு மாற்றியிருந்தார்கள். ஓர் அம்மாள் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். "ரொட்டி குடுத்த தம்பிங்கதானே?" சைதாப்பேட்டையில் அவர் பாத்திரம் தேய்த்த வீடுகள் மூன்றும் கைவிட்டுப் போயிருந்தன. அவ்வளவு தொலைவிலிருந்து காலை ஆறு மணிக்கு எவரால் போய்ச் சேர முடியும்? அதைச் சொல்லிக்கொண்டே தேநீர் போட்டார்.

தம்ளரை நீட்டிய இடக்கையின் ஆட்காட்டி விரலில், நகத்தோரம் மை இன்னும் கறுத்திருந்தது. அவர் பெயர் பழைய இடத்துப் பட்டியலிலேயே இருந்ததாம். விடியலில் கிளம்பி, இரண்டு பேருந்து மாறி, சைதாப்பேட்டையில் வரிசையில் நின்றிருக்கிறார்.

"நீங்க எங்க தம்பி ஓட்டுப் போட்டீங்க?"

"எங்களுக்கு ஊர்லம்மா" என்றார் எங்களில் ஒருவர்.

"போயிட்டு வந்தீங்களா?"

தேநீர் சூடாக இருந்தது. நால்வரும் குனிந்து ஊதிக்கொண்டிருந்தோம்.