ஜின்னில் கரைந்த அஞ்சறைப்பெட்டி

மது அருந்தாத ஒருவன் ஜின்னைப் பற்றி எழுதுவது நண்பர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட பானம் அதுதான். பேசிய மூவரில் இருவர் அதைச் சுவைத்ததே இல்லை.

ஜின் என்பது அடிப்படையில் நிறமோ மணமோ இல்லாத ஒரு சாராயம். அதற்கு முகம் தருபவை தாவரங்கள். அவற்றில் தவிர்க்கவே முடியாதது ஜூனிப்பர். குளிர்நாடுகளில் வளரும் ஊசியிலைப் புதர் அது. அதன் கருநீல உருண்டைகளைப் பழம் என்று சொல்வது வழக்கம். தாவரவியலின்படி அவை சதைப்பற்றுள்ள கூம்புகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி ஜூனிப்பரின் சுவை மேலோங்கி இருந்தால்தான் அதன் பெயர் ஜின். சாராயத்தின் அளவும் 37.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. மற்றதெல்லாம் வடிப்பவரின் விருப்பம்.

அந்த விருப்பப் பட்டியலை முதன்முதலில் வாசித்தபோது சேலத்து நாட்டு மருந்துக் கடையின் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. பாம்பே சஃபையர் என்று ஒரு ஜின். பெயரில்தான் பம்பாய்; வடிப்பது இங்கிலாந்தில். அதில் சேர்பவை பத்து: ஜூனிப்பர், கொத்தமல்லி விதை, எலுமிச்சைத் தோல், பாதாம், அதிமதுரம், வால்மிளகு, காசியா என்கிற பட்டை, ஏஞ்சலிகா வேர், ஓரிஸ் எனப்படும் ஐரிஸ் செடியின் கிழங்கு, மேற்கு ஆப்பிரிக்காவில் விளையும், இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு விதை. நம் பிரியாணியில் பெரும்பாலும் விழுவதும் அந்தக் காசியாப் பட்டைதான். வால்மிளகை இன்று பாட்டிமார்களைத் தவிர யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? தொண்டைக் கட்டுக்கு வாயில் அடக்கிக்கொள்ளக் கொடுப்பார்கள். அது லண்டன் மதுக்கூடங்களில் சௌக்கியமாக இருக்கிறது.

மணங்களுக்கு இடையிலான உறவுமுறை இன்னும் விசித்திரமானது. ஜூனிப்பரின் பைன் மரத்து வாசத்துக்குக் காரணமான பைனீன் மிளகிலும் இருக்கிறது. கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பெரும்பங்கு லினலூல். லாவெண்டர் பூவின் மணத்திலும் அதுவே முக்கியமானது. ஏலக்காயில் உள்ள சினியோல்தான் யூகலிப்டஸ் தைலத்தின் உயிர். ஏற்காட்டுக்கு வந்து போகிறவர்கள் கடைவீதியில் தவறாமல் வாங்கிச் செல்லும் அந்தத் தைலத்துக்கும் பாயசத்துக்கும் இப்படி ஒரு தாயாதி உறவு.

ஏற்காடு எங்களுக்குச் சுற்றுலாத் தலம் அல்ல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பின்னர் காப்பித் தோட்டங்களின் நிழலுக்கு ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் மரங்கள் வந்தன. அவற்றின்மேல் நம் மிளகுக்கொடி ஏறிக்கொண்டது. என் தாத்தா (அம்மாவின் அப்பா) ஒரு துரையின் எஸ்டேட்டில் ரைட்டர். அவர் சேமித்து வாங்கிய இரண்டு ஏக்கர் நாகலூர்ப் பக்கம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. துரை வீட்டிலிருந்து வந்த காலி ஜின் புட்டி ஒன்றில்தான் பாட்டி விளக்கெண்ணெய் ஊற்றி வைத்திருந்தாள். சிறுவயதில் எனக்கு ஜின் என்றால் விளக்கெண்ணெய்.

மலைக்குக் கீழே இருக்கும் சேலத்துக்கு மது விஷயத்தில் தனி வரலாறு உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அரசு மதுவிலக்கைச் சோதித்துப் பார்க்க முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டம் இதுதான். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு போய்விட்டது, வரி தங்கிவிட்டது. என் அப்பா 1980களில், சாராயக்கடைகள் திறந்திருந்த ஆண்டுகளில் இறந்தார். கல்லீரல். அதற்குமேல் இங்கே எழுத விருப்பமில்லை. அம்மா அதன்பிறகு மலைக்கு ஏறிப் போய் அந்த இரண்டு ஏக்கரைத் தானே பார்த்துக்கொண்டாள். மிளகு எங்களைப் படிக்க வைத்தது.

2017, 2018 ஆண்டுகளில் இந்தியாவில் புதிய ஜின்கள் வரத் தொடங்கின. கிரேட்டர் தேன், ஹபுஸா, ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ், ஜெய்சல்மேர் என்று பெயர்கள். ஹபுஸாவில் இமயமலை ஜூனிப்பரும் மஞ்சளும், ஜெய்சல்மேரில் வெட்டிவேர். அக்காவின் மகன் கோவாவில் இப்படி ஒரு சிறு வடிசாலையில் வேலைக்குச் சேர்ந்தான். சென்ற ஆண்டுக்கு முந்தைய மார்கழியில் ஏற்காட்டுக்கு வந்தவன் கேட்டது இரண்டே பொருள்கள்: அம்மாவின் மிளகு, தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் நான்கு கமலா ஆரஞ்சு மரங்களின் பழத்தோல். மண்டி விலையைவிட ஒன்றரை மடங்கு தருவார்களாம்.

அம்மா உடனே மறுக்கவில்லை. மிளகைக் களத்தில் துழாவிக்கொண்டே, "அதுல என்னெல்லாம் போடுவீங்க கண்ணு?" என்றாள். அவன் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டியது, பக்கத்து வீட்டுக் குழம்புப் பக்குவத்தைக் கேட்பதுபோல்தான் இருந்தது. அவன் பையிலிருந்து சிறு குப்பி ஒன்றை எடுத்தான். அவர்கள் சில தாவரங்களைத் தனித்தனியே சாராயத்தில் ஊறவைத்து வடித்துப் பின்னர் கலப்பார்களாம். "இது என்னன்னு சொல்லுங்க அம்மாயி."

நான் தடுக்க நினைத்தேன். அதற்குள் அவள் வாங்கி முகர்ந்துவிட்டாள்.

"மல்லி. வறுக்காத மல்லி."

அவன் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. நாம் தனியாவை வறுத்துத்தான் பொடிக்குப் பழகியவர்கள். வறுத்த மல்லிக்கும் பச்சை மல்லிக்கும் உள்ள தூரத்தை ஒரே மூச்சில் பிரித்துச் சொல்ல அவன் வடிசாலையில் எத்தனை பேரால் முடியுமோ. அம்மா குப்பியை இன்னொரு முறை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு மூடித் திருப்பித் தந்தாள்.

"மேல மல்லி இருக்குது. அடியில உங்க தாத்தா வாசம்."

அன்று இரவு நான் அவனுக்காகப் பேசினேன். செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குப் போகும் மிளகு எங்கெங்கோ போகிறது. மருந்துக்கும் போகும், மசாலாவுக்கும் போகும், அங்கிருந்து ஜின்னுக்கும் போயிருக்கலாம். விலை கூடக் கிடைத்தால் ஒற்றை மூங்கில் ஏணியில் உயிரைப் பணயம் வைத்து ஏறிப் பறிப்பவர்களுக்கும் கூலியைக் கூட்டித் தரலாம். இதை இப்போதும் சரியான வாதம் என்றே நினைக்கிறேன். அம்மாவும் அதை மறுக்கவில்லை. "எங்க வேணா போகட்டும். அந்தக் காசு நேரா இந்த வீட்டுக்குள்ள வர வேண்டாம். உனக்கு வேணும்னா மண்டியில வாங்கிக்க கண்ணு. நம்ம மிளகு எதுன்னு உனக்குத்தான் தெரியுமே."

அவன் கிளம்பிய காலையில் அவள் ஒரு துணிப்பையை நீட்டினாள். குளியல் பொடிக்காக மொட்டைமாடியில் காயவைத்திருந்த ஆரஞ்சுத் தோல், இரண்டு கிலோ இருக்கும். அவன் பணத்தை எடுத்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

"இது குளிக்கிற பொடிக்கு வச்சிருந்தது. நீ என்ன பண்ணுவியோ, எனக்குச் சொல்ல வேண்டாம்."

மாசியில் நான்கு மூட்டை மிளகு செவ்வாய்ப்பேட்டைக்கு இறங்கியது. இரண்டு நாள் கழித்து அவன் மண்டிக்கு வந்துபோனதாக வியாபாரி தொலைபேசியில் சொன்னார். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். புளியைக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். யார் பேசியது என்று கேட்கவில்லை.