இரண்டு பச்சை விளக்குகள்

"மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார்?" என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டருக்கு ஒயர் மாட்டுறார்" என்பார் என் மாமியார். பதினோரு வருஷமாகத் திருத்த நினைத்து, விட்டுவிட்டேன். உண்மையும் அதுதானே!

அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் வேலை. மே மாதத்திலும் பையில் ஸ்வெட்டர் இருக்கும். சர்வர்களின் முன்பக்கம் குளிர், பின்பக்கம் அனல். பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும், அவ்வளவு இரைச்சல்.

ஆள் உயரத்தைத் தாண்டிய இரும்பு அலமாரிக்கு ரேக் என்று பெயர். அதற்குள் இட்லித் தட்டு மாதிரி அடுக்கடுக்காக இருபது சர்வர்கள். உச்சியில் இரண்டு ஸ்விட்ச். லைட் போடுகிற ஸ்விட்ச் இல்லை. வருகிற தகவலைப் போக வேண்டிய இடம் பார்த்து அனுப்பிவைக்கும் பெட்டி. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் மேல் ஸ்விட்சுக்கு ஒரு கேபிள், கீழ் ஸ்விட்சுக்கு ஒரு கேபிள். ஒன்று படுத்துவிட்டாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். கேபிள் ஒவ்வொன்றிலும் நொடிக்கு 25 ஜிகாபிட் ஓடும். ரேக்குக்குள் இரண்டு மூன்று மீட்டர் தூரம்தான் என்பதால் செப்புக் கேபிளே போதும். ஸ்விட்சிலிருந்து வெளியே போவதற்குத்தான் கண்ணாடி இழை. அதன் முனையில் தூசி உட்கார்ந்தால் தகராறு; துடைக்காமல் சொருகக் கூடாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி. காண்ட்ராக்டில் வந்த செய்யாறு பையன் கேபிளை இழுத்து லேபிள் ஒட்டித் தந்தான், நான் சொருகினேன். நாற்பது கேபிள். முடிக்கும்போது மணி இரண்டரை. எல்லா விளக்கும் பச்சை. டீ குடிக்கப் போய்விட்டோம்.

மூன்று வாரம் கழித்து, மேல் ஸ்விட்சின் மென்பொருளைப் புதுப்பிக்க அதை ரீஸ்டார்ட் செய்தார்கள். ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. ஆனால் பதினேழாவது சர்வர் காணாமல் போனது. ஒரு வாடிக்கையாளரின் பில்லிங் அப்படியே நின்றது.

பின்னால் போய்ப் பார்த்தால், பதினேழின் இரண்டு கேபிளும் மேல் ஸ்விட்சில். பதினெட்டின் இரண்டும் கீழே. தூக்கக் கலக்கத்தில் ஒன்றை ஒன்றுக்கு மாற்றிச் சொருகியிருக்கிறேன். எண்ணிக்கை சரி, விளக்கும் பச்சை. அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்று மட்டும்தான் விளக்கு சொல்லும். யார் என்று சொல்லாது.

மறுநாள் மீட்டிங். "அந்தக் காண்ட்ராக்ட் பையனை இனி அனுப்ப வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார் மேனேஜர். நான் வாயைத் திறக்கவில்லை. இன்க்ரிமென்ட் மாதம். மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. இதெல்லாம் காரணமா என்று கேட்காதீர்கள், அன்றைக்குக் காரணமாகத்தான் இருந்தது.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மனைவி துருவித் துருவிக் கேட்டதும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அந்தப் பையனுக்கு போன் போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

காலையில் முதல் வேலையாக மேனேஜர் முன்னால் போய் நின்றேன். "சொருகினது நான் சார்." இன்க்ரிமென்ட் போனது. பையனைத் திரும்பக் கூப்பிடப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாள் சம்பளத்தை யாரும் தரவில்லை. நான் நீட்டிய பணத்தை "வேணாம்ண்ணே" என்று தள்ளிவிட்டான். டீயை மட்டும் வாங்கிக்கொண்டான்.

இப்போது அவன் எங்கள் கம்பெனியிலேயே நிரந்தரம். ஸ்விட்ச் தன் பெயரையும் போர்ட் எண்ணையும் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை கேபிள் வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். சர்வரில் உட்கார்ந்து ஒரு கட்டளை தட்டினால், எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். அந்த ராத்திரி பத்து நிமிஷம் செலவழித்திருந்தால் போதும். இப்போது ரேக் முடிந்ததும் அவன் ஒவ்வொன்றாகக் கத்தி வாசிக்கிறான், நான் தாளில் டிக் அடிக்கிறேன்.

பதினேழு வரும்போது மட்டும் இரண்டு தடவை வாசிக்கிறான். நான் ஒன்றும் சொல்வதில்லை.